கலைச்சொல்லின் உட்பொருள்: மேல்நிலை முதலாமாண்டு மாணவர்க்கான அறிவியல், கணிதம், பிரெஞ்சுச் சொற்கள்

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன்னர், நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாமின் பொருட்டு எம் மாணவர்களுடன் கல்வராயன் மலைச் சிற்றூர் ஒன்றில் ஏழு நாள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. மாலை வேளையில் பள்ளிப் பிள்ளைகள் பாடநூல்களுடன் வந்து அமர்வர். அவர்களுள் மேல்நிலை முதலாமாண்டு பயிலும் மாணவி ஒருத்தி, ‘முடுக்கம் என்பது திசைவேகம் மாறும் வீதம்’ என்று பிழையின்றி ஒப்புவித்தாள். ‘முடுக்குதல் என்றால் என்னம்மா?’ என்று வினவினேன். விடை வரவில்லை. ‘வீட்டில் மாடு உண்டா? ஏர் ஓட்டும்போது மாட்டை என்ன செய்வார்கள்?’ என்றேன். ‘முடுக்கி ஓட்டுவாங்க சார். ஆனா அது வேற, இது பாடம்’ என்றாள்.

அவ்விடையை இன்றளவும் என்னால் மறக்க இயலவில்லை. அவள் வீட்டில் நாள்தோறும் வழங்கும் சொல்தான் பாடநூலிலும் அச்சாகியிருக்கிறது. எனினும் இரண்டும் ஒன்றெனக் காட்டுவார் இன்மையால் அவை வேறு வேறாயின. பத்தாம் வகுப்பைக் கடந்து மேல்நிலை முதலாமாண்டில் அடியெடுத்து வைக்கும் மாணவர் முன் நூற்றுக்கணக்கான கலைச்சொற்கள் ஒருசேர வந்து நிற்கின்றன. அவற்றை உருப்போடுவது ஒரு வழி. அவற்றின் உட்பொருளை அறிவது மற்றொரு வழி. இரண்டாம் வழியைச் சில சொற்களைக்கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மேல்நிலையில் பகுதி ஒன்றில் பிரெஞ்சு மொழியைப் பயில்வோரும் உளர். அறிவியற் சொற்கள் பல பிரெஞ்சு மொழி வழியே வந்தவை என்பதால் அம்மொழியும் ஈண்டு உடன் நோக்கப்பெறுகிறது.

கலைச்சொல் முயற்சிகள்

தமிழில் அறிவியல் கற்பிக்கும் முயற்சி நேற்றுத் தொடங்கியதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் (1822–1884) தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவரது ‘கெமிஸ்தம்’ என்னும் வேதியியல் நூல் 1875இல் வெளிவந்தது. கல்வராயன் மலையின் மேற்கே அமைந்த சேலத்தில், 1916ஆம் ஆண்டில் இராஜாஜி முதலானோர் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தை அமைத்து, அறிவியற் சொற்களுக்கெனவே இதழொன்றையும் நடத்தினர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் ‘கலைச்சொற்கள்’ என்னும் தொகுதியை வெளியிட்டது. ‘யுனெஸ்கோ கூரியர்’ தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராக நெடுங்காலம் விளங்கிய மணவை முஸ்தபா (1935–2017) அறிவியல், மருத்துவம், கணினி ஆகிய துறைகளுக்குக் கலைச்சொல் அகராதிகள் பல யாத்தளித்தார். இவர்தம் உழைப்பின் பயனாகச் சொற்கள் நமக்குக் கிடைத்துவிட்டன. கிடைத்த சொல்லை மாணவர் உள்ளத்தில் சேர்ப்பதே இன்று ஆசிரியர்க்கு எஞ்சியுள்ள பணியாகும்.

இயற்பியற் சொற்கள்

முடுக்கு என்னும் வினையடியாகப் பிறந்தது முடுக்கம். மாட்டை முடுக்கினால் அதன் வேகம் கூடுகிறது. வேகம் மாறாமல் ஒரே நேர்கோட்டில் ஓடும் வண்டிக்கு, அது எவ்வளவு விரைந்து ஓடினும், முடுக்கம் இல்லை. இதனைப் புரிந்துகொண்ட மாணவர் தேர்வில் தவறு செய்யார். வேகம், திசைவேகம் என்னும் இரண்டும் இவ்வாறே. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் பேருந்து வளைவுகளில் ஒரே வேகத்தில் சென்றாலும், திசை மாறிக்கொண்டே இருப்பதால் திசைவேகமும் மாறிக்கொண்டே இருக்கும். திசைவேகம் மாறுவதால் அங்கு முடுக்கமும் உண்டு. வளைவுதோறும் நாம் ஒருபுறம் சாய்வது அதனாலேயே ஆகும். வழக்கில் ‘முடுக்குதல்’ விரைவு கூட்டுவதையே குறிக்க, இயற்பியலில் விரைவு குறைவதும் திசை மாறுவதும் முடுக்கத்துள் அடங்கும் என்பதை ஆசிரியர் சேர்த்துரைத்தல் வேண்டும்.

‘வேலை’ என்னும் சொல் இன்னும் நுட்பமானது. கடுக்காய் மூட்டையைத் தலையில் சுமந்து சமதளப் பாதையில் ஒரு கல் தொலைவு நடப்பவர் களைத்துப் போகிறார். ஆயினும் மூட்டையின்மீது அவர் மேல்நோக்கிச் செலுத்தும் விசை செய்த வேலை சுழி என்கிறது இயற்பியல். விசை மேல்நோக்கியது, இடப்பெயர்ச்சியோ கிடைமட்டமானது. விசையின் திசையில் இடப்பெயர்ச்சி இருந்தால் மட்டுமே அங்கு வேலை உண்டு. அவரே மலைமேல் ஏறுவாராயின், ஏறும் உயரத்திற்கேற்ப வேலை நிகழ்கிறது. உழைப்பாளியின் பாட்டை இயற்பியல் மறுக்கிறது என்பதன்று இதன் பொருள். பொதுச்சொல் ஒன்றை எடுத்து, அதற்கு எல்லை வகுத்து, அளவிடத்தக்கதாக ஆக்கும்போது அது கலைச்சொல்லாகிறது. பொதுப்பொருளையும் கலைப்பொருளையும் அருகருகே வைத்துக் காட்டாவிடின் மாணவர் மயங்குவர்.

நிறை, எடை என்பனவும் அத்தகையனவே. நிறை என்பது பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு. எடை என்பது அப்பொருளைப் புவி ஈர்க்கும் விசை. நிலவுக்குச் சென்றால் எடை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறையும், நிறை மாறாது. கடைக்காரர் ‘எடை ஐந்து கிலோ’ என்பார். கிலோகிராம் நிறையின் அலகு. எடையின் அலகு நியூட்டன். கடைவீதியில் அவ்வழக்கால் தீங்கில்லை, விடைத்தாளில் உண்டு.

அளவைச் சொற்களும் பிரெஞ்சு மொழியும்

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவையை நால்வகையாகப் பகுப்பது தமிழ் மரபு. படி, மரக்கால், பலம், வீசை எனப் பழகியவை ஊருக்கு ஊர் சிறிது வேறுபட்டன. இத்தகைய குழப்பமே பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சிலும் நிலவிற்று. புரட்சிக்குப்பின் அந்நாட்டார், எந்த அரசனின் முழத்தையும் சாராமல் புவியையே அளவுகோலாகக் கொள்ளத் துணிந்தனர். வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையிலான தொலைவில் ஒரு கோடியில் ஒரு பங்கு ‘மீட்டர்’ எனப்பட்டது. தெலாம்ப்ர், மெஷேன் என்னும் இரு வானியலார் 1792 முதல் 1798 வரை டன்கர்க்கிற்கும் பார்சிலோனாவிற்கும் இடைப்பட்ட நிலத்தை அளந்தனர். மீட்டர், லிட்டர், கிராம் என்னும் பெயர்களை 1795ஆம் ஆண்டுச் சட்டம் நிலைநாட்டியது. இந்தியாவில் 1956ஆம் ஆண்டின் எடை அளவைத் தரச்சட்டம் மெட்ரிக் முறையைக் கொணர்ந்தது. 1957 ஏப்ரல் முதல் நாள் தசம நாணயமும் நடைமுறைக்கு வந்தது.

‘எஸ்.ஐ. அலகு’ என்று மாணவர் நாள்தோறும் எழுதுகின்றனர். பன்னாட்டு முறை என்பதன் ஆங்கிலச் சொல்வரிசைப்படி நோக்கின் அது ‘ஐ.எஸ்.’ என்றன்றோ இருத்தல் வேண்டும்? 1960இல் சூட்டப்பெற்ற அப்பெயர் ‘சிஸ்தெம் ஆன்தெர்நாசியொனால்’ என்னும் பிரெஞ்சுத் தொடரின் சுருக்கம். பிரெஞ்சில் பெயர் முன்னும் அடைமொழி பின்னுமாக வருவது பெருவழக்கு. ஆதலின் எஸ் முந்திற்று. ஆம்பியர், கூலூம், பாஸ்கல் ஆகிய அலகுகளும் பிரெஞ்சு அறிஞர்தம் பெயர்களே.

முன்னொட்டுகளையும் நோக்குக. ‘கிலோ’ என்பது கிரேக்கத்தில் ஆயிரம். ‘மில்லி’ என்பது இலத்தீனில் ஆயிரம். பிரெஞ்சுக்காரர் வகுத்த முறைப்படி, கிரேக்கச் சொல் பெருக்கும், இலத்தீன் சொல் வகுக்கும். எனவே கிலோமீட்டர் ஆயிரம் மீட்டர். மில்லிமீட்டர் மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பிரெஞ்சு பயிலும் மாணவர்க்கு நூறைக் குறிக்கும் ‘சான்’, ஆயிரத்தைக் குறிக்கும் ‘மில்’ ஆகிய எண்ணுப்பெயர்கள் தெரிந்திருக்கும். சென்டிமீட்டரும் மில்லிமீட்டரும் அவற்றின் உறவினர் என்று ஒருமுறை சொன்னாற் போதும். மொழிப்பாடமும் அறிவியற் பாடமும் ஒன்றற்கொன்று துணையாகும்.

கணிதச் சொற்கள்

இயற்கணிதத்தை ஆங்கிலத்தார் ‘அல்ஜீப்ரா’ என்பர். பிரெஞ்சுக்காரர் ‘அல்ஜெப்ர்’ என்பர். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த முகம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மி எழுதிய கணித நூலின் பெயரிலுள்ள ‘அல்ஜப்ர்’ என்னும் அரபுச் சொல்லே இதன் மூலம். குறைபட்டதை நிறைவாக்குதல், முறிந்த எலும்பைப் பொருத்துதல் என்பன அதன் பொருள். ஓர் எண்ணிலிருந்து 5ஐக் கழிக்க 12 வருமாயின், கழிந்துபோன 5ஐ இருபுறமும் சேர்த்து அவ்வெண்ணை நிறைவாக்குகிறோம், விடை 17. புத்தூர்க் கட்டுப் போடுபவர் எலும்பிற்குச் செய்வதையே கணிதம் சமன்பாட்டிற்குச் செய்கிறது. ‘எண்ணை மறுபக்கம் கொண்டுபோனால் குறி மாறும்’ என்று காரணமறியாது உருப்போடுவோர்க்கு இவ்விளக்கம் பயன்தரும்.

கோணவியலில் வரும் ‘சைன்’ என்னும் சொல்லின் வரலாறு சுவையானது. வட்டத்தின் அரைநாணை இந்தியக் கணிதவியலார் வில்லின் நாணைக் குறிக்கும் ‘ஜ்யா’, ‘ஜீவா’ என்னும் சொற்களால் வழங்கினர். அரபியர் அதனை ‘ஜீபா’ எனக் கடன்கொண்டனர். அரபு எழுத்தில் குற்றுயிர்கள் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை ஆதலின், பிற்காலத்தார் அதனை ஆடையின் மடிப்பைக் குறிக்கும் ‘ஜைப்’ என்று படித்தனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்த்தோர் மடிப்பு எனப் பொருள்படும் ‘சினுஸ்’ என்னும் சொல்லை இட்டனர். பிரெஞ்சில் இன்றும் அது சினுஸ்தான். அந்த ‘ஜைப்’ மற்றொரு வழியே தமிழ்நாட்டிற்கும் வந்துள்ளது. சட்டைப்பையை ‘ஜேபி’ என்றும் ‘ஜேப்பு’ என்றும் நம் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ‘நாண்’ என்னும் மூலப்பொருளோ தமிழ் வடிவியற் பாடத்தில் சிதையாது வாழ்கிறது.

சுழியின் பயணமும் இத்தகையதே. வெறுமையைக் குறிக்கும் ‘சூன்ய’ என்னும் சொல்லை அரபியர் ‘ஸிஃப்ர்’ என மொழிபெயர்த்தனர். ஐரோப்பாவில் அது இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை ‘சீரோ’ ஆயிற்று; மறு கிளை பிரெஞ்சில் ‘ஷிஃப்ர்’ என நின்று, சுழியை விடுத்து இலக்கத்தைக் குறிக்கலாயிற்று. நம் முன்னோர் கணக்கில் சொன்ன ‘சைபர்’ அதே சொல்.

தமிழ்ப் பெயரே விளக்கமாக அமைவதும் உண்டு. ‘மேட்ரிக்ஸ்’ என்பதைத் தமிழில் ‘அணி’ என்கிறோம். அதன் கிடைவரிசை நிரை. செங்குத்து வரிசை நிரல். ஆநிரை என்பதையும் நிரல்நிறை அணியையும் தமிழ் வகுப்பில் கற்ற மாணவர்க்கு இச்சொற்கள் புதியன அல்ல. தமிழாசிரியர் அணியிலக்கணம் நடத்தும்போது கணித வகுப்பையும், கணித ஆசிரியர் அணியைத் தொடங்கும்போது தமிழ் வகுப்பையும் ஒரு வரி சுட்டினால் மாணவர் இரண்டையும் மறவார்.

வேதியியற் சொற்கள்

வேதியியலின் பெயரிடு முறைக்கு வழிவகுத்தோர் லவாய்சியரும் அவருடைய தோழர் மூவருமாவர். அவர்கள் 1787இல் பாரிசில் வெளியிட்ட நூல், பொருளின் ஆக்கத்தைப் பெயரே உணர்த்த வேண்டும் என்றது. ‘நீரை ஆக்குவது’ எனப் பொருள்படும் ஹைட்ரஜன் அவ்வகையில் பொருத்தமான பெயர். ‘அமிலத்தை ஆக்குவது’ எனப் பொருள்படும் ஆக்சிஜன் பிழையான பெயர். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லை என்பதை 1810இல் ஹம்ப்ரி டேவி நிறுவினார். ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. ‘உயிர்வளி’ என்னும் நம் சொல் அப்பிழைக்கு இடம் தரவில்லை.

சொல்லின் பொருளை ஆராயும்போது எச்சரிக்கையும் வேண்டும் என்பதற்கு இது சான்று. கல்வராயன் மலை மக்கள் ‘மலையாளி’ எனப்படுவர். மலையை ஆள்வோர் என்னும் பொருளமைந்த அப்பெயரைக் கண்டு, அவர்களைக் கேரளத்தார் என மயங்குவோர் உளர். அவர்தம் தாய்மொழி தமிழேயாம். சொற்பொருள் வாயில் வரை அழைத்துச் செல்லும். உள்ளிருப்பதைக் காட்ட வரையறை வேண்டும்.

இனி, இவ்வட்டாரத்து விளைபொருள்களைக் கொண்டே சில சொற்களைக் காண்போம். மரவள்ளிக்கிழங்கை நறுக்கி ஒரு துளி அயோடின் கரைசல் இட்டால் கருநீலமாகும். அது தரசத்தைக் காட்டும் சோதனை. அயோடினை 1811இல் கடற்பாசிச் சாம்பலிலிருந்து கண்டவர் கூர்த்துவா என்னும் பிரெஞ்சுக்காரர். ஆவியின் ஊதா நிறத்தால் அப்பெயர் பெற்றது. கடுக்காயின் துவர்ப்பிற்குக் காரணமான டானின், பதனிடுவதற்குரிய ஓக்குமரப் பட்டைத் தூளைக் குறிக்கும் ‘தான்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லடியாகப் பிறந்தது. தோல் பதனிடும் தொழில் மிக்க வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதியினர்க்குக் கடுக்காயின் அருமை தெரியும். வடமொழியின் ‘சர்க்கரா’ பாரசீகத்தில் ‘ஷகர்’, அரபியில் ‘சுக்கர்’, பிரெஞ்சில் ‘சுக்ர்’ எனத் திரிந்து, ‘சுக்ரோஸ்’ என்னும் வேதிப்பெயராகி, மூங்கில்துறைப்பட்டும் கச்சிராயபாளையமும் ஆகிய சர்க்கரை ஆலையூர்களின் ஆய்வுக்கூடங்களை வந்தடைந்துள்ளது. கரும்பு விளைவிப்போர் வீட்டுப் பிள்ளைக்குச் சுக்ரோஸ் அயலான சொல் அன்று.

ஓர் எழுத்தின் வேறுபாடு

இதுகாறும் கூறியவற்றைத் தேர்வு மதிப்பெண்ணுக்குரிய செய்திகள் என எண்ணிவிடலாகாது. 2024 ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் பகுதியிலும் அதனைச் சூழ்ந்த இடங்களிலும் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தை அருந்தி 60க்கும் மேற்பட்டோர் உயிர் நீத்தனர். பார்வை பாதிக்கப்பட்டோரும் உளர். அதற்கு முந்தைய ஆண்டு மே திங்களில் மரக்காணம் பகுதியிலும் இக்கொடுமை நிகழ்ந்தது. 2019 நவம்பர் 26ஆம் நாள் புதிய மாவட்டமாக மலர்ந்த கள்ளக்குறிச்சியின் பெயரை நாடு முழுவதும் அறிந்தது இத்துயரத்தின் வாயிலாக என்பது நெஞ்சை வருத்துகிறது.

எத்தனால், மெத்தனால் ஆகிய இரண்டும் வேதியியற் பாடத்தில் அடுத்தடுத்து வருபவை. எழுத்தில் ‘எ’, ‘மெ’ என்பதே வேறுபாடு. மூலக்கூற்றில் ஒரு கார்பன், இரு ஹைட்ரஜன் என்பதே வேறுபாடு. இரண்டும் நிறமற்றவை, மணத்தாலும் சுவையாலும் பிரித்தறிய இயலாதவை. உடலுள் சென்றால் மெத்தனால் ஃபார்மால்டிஹைடாகவும், பின் ஃபார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. அவ்வமிலம் பார்வை நரம்பைத் தாக்குகிறது. குருதியின் அமிலத்தன்மையை மிகுவித்து உயிரையும் போக்குகிறது. அறிகுறிகள் சில மணிநேரம் கழித்தே தோன்றுவதால், ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று காத்திருப்போர் உயிர்காக்கும் பொழுதை இழக்கின்றனர். காலந்தாழ்த்தாது மருத்துவமனையை அடைந்தால் மாற்று மருந்து உண்டு. குருதித் தூய்மிப்பும் உண்டு.

இப்பெயரின் வேரும் பிரெஞ்சு நாட்டில்தான் உள்ளது. தூமா, பெலிகோ என்னும் இரு வேதியியலார் 1834இல் மது, மரம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களை இணைத்து ‘மெத்திலீன்’ என்றனர்; அதிலிருந்து மெத்தனால் வந்தது. மரத்தைக் காற்றின்றிச் சூடேற்றி வடித்துப் பெறப்பட்டமையால் ‘மரச்சாராயம்’ என்று தமிழில் எழுதியோரும் உண்டு. சொற்பொருள் நோக்கில் அது சரியான பெயர்ப்பு. ஆனால் ‘சாராயம்’ என்னும் வருமொழி, அதனைக் குடிக்கலாம் என்னும் எண்ணத்தைக் கேட்பார்க்குத் தந்துவிடும். நஞ்சுக்குச் சூட்டும் பெயர் நஞ்சென எச்சரிக்க வேண்டும். அவ்வகையில் ‘மெத்தனால்’ என்று ஒலிபெயர்த்து, ‘இது நஞ்சு’ என்று உடனுரைப்பதே தக்கது எனக் கருதுகிறேன். கலைச்சொல் ஆக்குவோர் பொருத்தத்தோடு விளைவையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

‘ஆல்கஹால்’ என்னும் சொல்லையும் ஈண்டு நினைத்தல் தகும். கண்ணுக்கிடும் சுருமாவைக் குறிக்கும் ‘அல்குஹ்ல்’ என்னும் அரபுச் சொல் அதன் மூலம். நுண்ணிய பொடி என்பதிலிருந்து சாரம் என்றும், பின்னர் மதுவின் சாரம் என்றும் அதன் பொருள் ஐரோப்பாவில் மாறிற்று. கண்ணுக்கு அணியாகிய பொருளின் பெயரைத் தாங்கிய குடும்பத்திலேயே கண்ணைப் பறிக்கும் மெத்தனாலும் சேர்ந்துள்ளது.

கற்போர்க்கும் கற்பிப்போர்க்கும்

மாணவச் செல்வங்கள் ஒவ்வொரு பாடத்திற்கும் தனிக் குறிப்பேடு ஒன்று வைத்துக்கொள்க. கலைச்சொல் ஒவ்வொன்றிற்கும் நான்கு செய்திகளை எழுதுக. முதலாவது, சொல்லின் வேர். இரண்டாவது, ஊர் வழக்கில் அதன் பொருள். மூன்றாவது, பாடநூல் தரும் வரையறையும் வழக்கிலிருந்து அது வேறுபடும் இடமும். நான்காவது, ஆங்கிலச் சொல்லும் அதன் ஒலிப்பும். கல்லூரியில் ஆங்கில வழியில் பயில நேரும் மாணவர் திகைக்காமல் இருக்க நான்காவது செய்தி உதவும். தமிழில் பொருளுணர்ந்து கற்றவர்க்கு ஆங்கிலச் சொல் மற்றொரு பெயர் மட்டுமே. பொருளுணராதவர்க்கு அது இரண்டாம் சுமை.

ஆசிரியப் பெருமக்கள் நாளொன்றுக்கு ஒரு சொல்லை எடுத்து ஐந்து நிமிடம் விளக்கினாலும் போதும். ஓராண்டில் இருநூறு சொற்கள் மாணவர்க்கு உரிமையாகும்.

நிறைவுரை

முகாமின் இறுதி நாளில் அம்மாணவி மீண்டும் வந்தாள். ‘முடுக்கம் புரிஞ்சுது சார். உந்தம்னா உந்தித் தள்ளுறதுதானே?’ என்று அவளே கேட்டாள். முழுவதும் சரியன்று, நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கிவருவது உந்தம் என்று விளக்கினேன். ஆயினும் அவள் தன் வீட்டுச் சொல்லைப் பாடத்திற்குள் கொண்டுவரத் தொடங்கிவிட்டாள் என்பதே எனக்கு நிறைவளித்தது. பாடநூலின் மொழி தன் மொழியே என்று உணரும் பிள்ளை, வேதியியற் பாடத்தில் கற்ற சொல்லையும் தன் வீட்டிற்கு எடுத்துச் செல்லும். ‘அது மெத்தனாலாக இருக்கலாம், தொடாதீர்கள்’ என்று அப்பிள்ளை ஒருநாள் தன் வீட்டாரிடம் சொல்லுமாயின், நாம் கலைச்சொல் கற்பித்ததன் முழுப்பயனும் அன்று கிட்டிவிடும்.